நல்லாத்தானே பேசிக்கொண்டிருந்தார்

பிரேதப் பரிசோதனை அறைக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "டாக்டர், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லையே, எப்படி?" சிலர் இன்னொன்றும் சொல்வார்கள். "விழுந்ததும் தானே எழுந்து உட்கார்ந்தார். போனில்கூடப் பேசினார்."

தலைத்தோலை விலக்கியதும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டை ஒட்டி, தோலுக்கடியில் கன்றிப்போயிருக்கும். அதன் கீழே எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல். மண்டை ஓட்டில் மிக மெல்லிய இடங்களில் அதுவும் ஒன்று. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் விடும்போது அதுவும் கிழிந்தால், எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் சேரத் தொடங்கும். ஓட்டைத் திறந்தால் உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சிவப்பாக உறைந்து கிடக்கும். அந்தக் கட்டியை எடுத்துவிட்டுப் பார்த்தால், விரலால் அழுத்திய ஈரக் களிமண் போல மூளை குழிந்திருக்கும்.

கையில் அடிபட்டால் வீங்க இடம் உண்டு. மண்டைக்குள் அது கிடையாது. முதலில் மூளையைச் சுற்றியுள்ள நீர் முதுகுத்தண்டுப் பக்கம் விலகிக் கொஞ்சம் இடம் கொடுக்கும். அவர் எழுந்து உட்கார்ந்து பேசியதெல்லாம் இந்த இடைவெளியில்தான். சில நிமிடமும் இருக்கலாம், சில மணி நேரமும் இருக்கலாம். இடம் தீர்ந்ததும் மூளை கீழ்நோக்கிப் பிதுங்கி, மூச்சை நடத்தும் மூளைத்தண்டை நசுக்கும். அதற்குமுன் அறுவை செய்து கட்டியை எடுத்துவிட்டால், பலர் நல்லபடியாக வீடு திரும்பக்கூடிய காயம் இது. அதனாலேயே இதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

வயதானவர்களுக்கு வேறு மாதிரி. மூளை சற்றுச் சுருங்கியிருப்பதால் சிறு நாளங்கள் இழுபட்டுக் கிழியும், ரத்தம் மெதுவாகக் கசியும். விழுந்ததையே எல்லோரும் மறந்துபோன பிறகு, சில வாரம் கழித்துத் தள்ளாட்டமும் குழப்பமும் வரும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் எந்த அடியும் சின்ன அடி கிடையாது.

சரி, எதைப் பார்த்து ஓட வேண்டும்? கொஞ்ச நேரமே என்றாலும் நினைவு தப்பியது, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, கேட்டதையே மறுபடி கேட்பது, வலிப்பு, மூக்கிலோ காதிலோ ரத்தமோ தண்ணீர் போன்ற திரவமோ வடிவது. இதில் ஒன்று இருந்தாலும் சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். "களைப்பாக இருக்கிறார், தூங்கட்டும்" என்று விட்ட தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமல் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மது வாசனை அடித்தால் இன்னும் மோசம். போதையில் கிடக்கிறார் என்று விடியும்வரை யாரும் கிட்டவே போவதில்லை.

இந்த இடைவெளியே கிடைக்காத காயங்களும் உண்டு. வேகமாகப் போகும் தலை சட்டென்று நிற்கும்போது உள்ளே மூளை திருகி, நரம்பிழைகள் அறுந்துபோகும். மண்டை ஓட்டின் அடிப்பகுதி இரண்டாகப் பிளந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே எந்த அறுவை மருத்துவரும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார், 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பெயர்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. ஈ. லாரன்ஸ். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான ஹியூ கெயர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர், ராணுவ மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட் உயிர் காக்கிறது என்று 1941இல் எழுதினார். பிற்காலத்தில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஹெல்மெட் மரண ஆபத்தைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைப்பது தெரிந்தது. உள்ளே இருக்கும் நுரை நசுங்கி, தலை நிற்க எடுக்கும் நேரத்தைச் சில மில்லி நொடி நீட்டிக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் மோதும் நொடியில் அது தலையில் இருக்க வேண்டும்.

"ஹெல்மெட் போட்டிருந்தார் டாக்டர்" என்றார் சமீபத்தில் ஓர் அண்ணன். தம்பியின் ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதன் வெளி ஓட்டில் ஒரு சிராய்ப்பும் இல்லை, கிளிப் உடையவும் இல்லை. சரியாக மாட்டியிருந்தால் பல நேரம் தாடைக்கடியில் பட்டி அழுந்திய தடம் ஒன்று இருக்கும். விளக்கைக் கிட்டக் கொண்டுபோய் இரண்டு பக்கமும் தேடினேன். இல்லை.