படுத்துப்போன செயற்கைப் புல்லை எழுப்ப முடியுமா?

வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ விரித்த செயற்கைப் புல் சில கோடைகள் கழித்துக் களையிழந்தால், பலரும் அதைச் சுருட்டிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். கெட்டது எந்த அடுக்கு என்று முதலில் பாருங்கள். பல சமயம் வேலை சின்னதாகவே முடிந்துவிடும்.

ஒரு மூலையைத் தூக்கினால் எல்லாம் தெரியும். மேலே நிற்கும் பச்சை இழைகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். அவற்றின் காலடியில் சுருள் சுருளாகப் பழுப்பு இழைகள் இருக்கும்; இவை பாலிபுரோப்பிலீன். இரண்டையும் நெய்த பிளாஸ்டிக் துணி ஒன்றில் வரிசை வரிசையாகத் தைத்திருப்பார்கள். தையல் உருவி வராமலிருக்க அடிப்பக்கம் லேடெக்ஸோ பாலியூரித்தேனோ பூசியிருக்கும். நீர் வடிய ஆங்காங்கே துளைகள். அதற்கும் கீழே, மண் தரையென்றால் இடித்து இறுக்கிய சல்லியும் கல் தூளும். மாடியென்றால் வெறும் தளம்.

அதிகம் வரும் புகார், நடக்கும் இடத்தில் புல் படுத்துவிட்டது என்பது. பாலிஎத்திலீனுக்குள் மூலக்கூறுச் சங்கிலிகள் சில இடங்களில் ஒழுங்காக அடுக்கப்பட்டும், சில இடங்களில் தாறுமாறாகவும் கிடக்கும். ஊஞ்சல் கால், நாற்காலி, பூந்தொட்டி என்று பாரம் மாதக்கணக்கில் அழுத்தினால், தாறுமாறான பகுதியில் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று மெல்ல வழுக்கி, வளைந்த நிலையிலேயே தங்கிவிடுகின்றன. வெயில் சூடு இதை இன்னும் வேகப்படுத்தும். 1966இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் விரித்த ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற செயற்கைப் புல் நைலானால் ஆனது. மடங்கினாலும் அது சட்டென நிமிரும், ஆனால் விழுந்தவர் தோலை உராய்த்துவிடும். பாலிஎத்திலீனின் மென்மைக்காக நாம் கொடுக்கும் விலைதான் இந்தப் படுத்துப்போதல்.

இதற்கு மருந்தும் கொஞ்சம் சூடுதான். காலை வெயிலில் தரை இளஞ்சூடானதும், கெட்டியான நைலான் பிரஷ்ஷால் இழைகள் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக வாருங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், இழையைக் கிழித்துவிடும். அப்புறம் இழைகளின் இடுக்கில் மணல் தூவி அவற்றைத் தாங்க வேண்டும். இங்கே எம்-சாண்ட் சரிப்படாது. அதிலுள்ள நுண்தூள் வடிகால் துளைகளை அடைக்கும், கூரான பரல்கள் இழையைத் தேய்க்கும். உருண்டைப் பரல் கொண்ட, கழுவிய சிலிக்கா மணல்தான் நல்லது.

உருகிய இடத்தை மட்டும் வாரி எழுப்ப முடியாது; அதை வெட்டியெடுத்து ஒட்டுத்தான் போட வேண்டும். தொழிற்சாலையில் இழையை இழுத்து நீட்டும்போது சங்கிலிகள் ஒரே திசையில் நேராகின்றன. சூடு ஏறியதும் அவை பழைய சுருண்ட நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அதனால் முழுதாக உருகும் முன்பே இழை குறுகி முறுக்கிக்கொள்ளும். பாலிஎத்திலீன் உருகுவதோ சுமார் 110 முதல் 130 டிகிரி செல்சியஸில். கம்பி மத்தாப்பின் சூடு 1000 டிகிரியைத் தாண்டும், ஆகவே தீபாவளிக்கு மறுநாள் கரும்புள்ளிகள் தெரிவதில் வியப்பில்லை. அமெரிக்காவில் இன்னொரு காரணமும் உண்டு: இரட்டைக் கண்ணாடி ஜன்னல். இரு கண்ணாடிகளுக்கும் நடுவே காற்றழுத்தம் குறைந்தால் அவை உள்நோக்கி வளைந்து குழியாடி ஆகி, வெயிலைக் குவித்துப் புல்லின் மேல் பாய்ச்சும். உருகிய தடம் நீண்ட பட்டையாக இருந்தால் எதிரே ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே கொசுவலை அடிக்காமல் ஒட்டுப் போட்டால் அடுத்த கோடையில் அதுவும் உருகும்.

ஒட்டுப் போடுவதில்தான் கவனம் வேண்டும். புல்லைத் திருப்பிப் போட்டு, அடிப்பக்கத்திலிருந்து, இரண்டு தையல் வரிசைகளுக்கு நடுவே வெட்டுங்கள். மேலிருந்து வெட்டினால் நல்ல இழைகளும் சேர்ந்து போய்விடும். புதுத் துண்டை அப்படியே வைத்தால் வெயிலில் வெளுத்த பழைய புல்லுக்கு நடுவே பளிச்சென்று தெரியும். அதனால் தொட்டிக்குப் பின்னால் மறைவான ஓரத்திலிருந்து அதே வயதுத் துண்டை எடுத்து இங்கே வையுங்கள், புதுத் துண்டு அந்த மறைவிடத்துக்குப் போகட்டும். இழைகள் சாயும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். வெல்வெட் துணியை எதிர்ப்பக்கமாகத் தடவினால் நிறம் மாறித் தெரிவதைப்போல, திசை தப்பிய ஒட்டு வேறு பச்சையாகத் தெரியும். இரண்டு விளிம்புகளுக்கும் இடையே ஒரு தையல் வரிசையின் இடைவெளி, ஏறக்குறைய 1 சென்டிமீட்டர், இருந்தால் போதும். ஒட்டிய கோடு கண்ணுக்குப் படாது.

அடியில் இணைப்பு டேப்பை விரித்து பாலியூரித்தேன் பசை தடவுங்கள். இந்தப் பசை காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து இறுகுகிறது. அந்த வினையில் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். அடித்துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் வாயு அதிகமாகி, பசை நுரைத்து உள்ளே ஓட்டை ஓட்டையாகிப் பிடிப்பை இழந்துவிடும். மழை பெய்த கையோடு ஒட்டாதீர்கள். உச்சி வெயிலிலும் வேண்டாம்: சூட்டில் பிளாஸ்டிக் எஃகை விடப் பல மடங்கு விரிகிறது. விரிந்த நிலையில் ஒட்டியது இரவில் சுருங்கும்போது இணைப்பை இழுக்கும். சாயங்காலம் ஒட்டி, மணல் மூட்டையைப் பாரம் வைத்து, ஒரு நாள் முழுக்க யாரும் மிதிக்காமல் விட்டுவிடுங்கள்.

பள்ளம் விழுந்திருந்தால் கோளாறு புல்லில் இல்லை. மழைநீர் கல் தூளை அரித்திருக்கிறது. மேலே மணல் கொட்டி நிரப்பாமல், விரிப்பைத் தூக்கி, கல் தூளை நனைத்து இடித்து மட்டம் பார்த்து மூடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. சில இழைகளை விரல்களுக்கு நடுவே நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்கும். பொடியாக உதிர்ந்தால், புற ஊதாக் கதிர் மூலக்கூறுச் சங்கிலிகளையே துண்டு துண்டாக்கிவிட்டது. இழையில் கலந்திருந்த காப்பு வேதிப்பொருளும் தீர்ந்துபோயிருக்கும். அதற்குப் பசையும் பிரஷ்ஷும் உதவாது. வாரினால் இன்னும் பொடியாகும். ஒவ்வொரு மழையிலும் அந்தப் பிளாஸ்டிக் துகள்கள் சாக்கடை வழியாக ஏரிக்கும் ஆற்றுக்கும் போகும் என்பதால், பருவமழைக்கு முன்பே அந்த விரிப்பை எடுத்துவிடுங்கள்.