ஏன் 4? ஏன் 1 இல்லை?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் விசைப்படகுக்குப் போகிற என் பெரியப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி வேண்டும். சர்க்கரையும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப் போவது எப்போதும் நான்தான், அதனால் பல டாக்டர்களின் அறையில் ஒரே காட்சியைப் பார்த்திருக்கிறேன். "ஐயா, பீடியை நிறுத்தலைன்னா காலையே எடுக்க வேண்டி வரும்" என்பார் டாக்டர். "நடுக்கடல்ல ராத்திரி முழிச்சிருக்கணும் சார், இது இல்லாம முடியாது" என்பார் பெரியப்பா. டாக்டர் இன்னொரு பயத்தை எடுத்து வைப்பார், இவர் இன்னொரு காரணத்தை எடுத்து வைப்பார், வெளியே வந்ததும் கை தீப்பெட்டியைத் தேடும்.

டாக்டர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. புகை, சர்க்கரை இரண்டுமே கால் ரத்தக்குழாயை அடைப்பவைதான். ஆனால் பழக்கத்தை விட வேண்டிய எவருக்கும் மனசு ஒரே பக்கம் நிற்காது. விட்டுவிடலாம் என்றும் இருக்கும், வேண்டாம் என்றும் இருக்கும். எதிரில் இருப்பவர் "விடு" என்கிற பக்கத்தை முழுசாக எடுத்துக்கொண்டு வாதாடினால் நோயாளிக்கு மிஞ்சுவது மறுபக்கம் மட்டும்தான். நம் இஷ்டத்தில் யாரோ கை வைக்கிறார்கள் என்று தோன்றினாலே நாம் முறுக்கிக்கொள்வோம் என்று ஜாக் பிரேம் என்ற உளவியலாளர் 1966-லேயே எழுதினார். இதில் இன்னொன்றும் சேர்கிறது, நாம் பேசுவதை நம் காதும் கேட்கிறது. "முடியாது, முடியாது" என்று பத்துத் தடவை சொன்னவர் அறைக்குள் நுழைந்தபோது இருந்ததைவிட உறுதியாக அதை நம்பிக்கொண்டு வெளியே வருவார்.

குடிப்பழக்கம் உள்ளவர்களோடு வேலை செய்த அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் இதைக் கவனித்து, 1983-ல் வேறு மாதிரிப் பேசும் ஒரு முறையை எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்நிக் என்ற உளவியலாளரும் சேர்ந்துகொண்டார். மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்று அதற்குப் பெயர், மாற வேண்டிய காரணத்தை அவரவர் வாயாலேயே வரவைக்கும் பேச்சு. மில்லர் குழுவின் 1993 ஆய்வு ஒன்றில், ஆலோசகர் எந்த அளவுக்கு மல்லுக்கட்டினாரோ அந்த அளவுக்கு ஒரு வருஷம் கழித்தும் எதிரில் இருந்தவர் அதிகமாகக் குடித்தார் என்று தெரிந்தது.

இந்த முறையை நான் நேரில் பார்த்தது ஒரு டாக்டரம்மாவிடம். "ஐயா, பீடியை விடுறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? 0-லேருந்து 10-க்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க." பெரியப்பா யோசித்துவிட்டு, "ஒரு 4 வைங்க" என்றார். அடுத்தது "ஏன் 10 இல்லை?" என்றுதான் வரும் என்று நினைத்தேன், நானாக இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். அவர் கேட்டது, "ஏன் 4? ஏன் 1 சொல்லலை?"

சூட்சுமமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 10 ஏன் இல்லை என்று கேட்டால் விட முடியாத காரணங்கள்தான் வரிசையாக வரும். 1 ஏன் இல்லை என்று கேட்டால், விட வேண்டிய காரணத்தை அவரே தேடித்தான் ஆக வேண்டும். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "பேத்தி மடியில உக்கார மாட்டேங்குது, நாத்தம்னு ஓடுது" என்றார் பெரியப்பா. "வலை இழுக்கறப்ப மூச்சு வாங்குது, முன்ன இப்படி இல்ல." டாக்டரம்மா உடனே அறிவுரைக்குத் தாவாமல், "உடம்பு மாறினது வலை இழுக்கறப்பவே தெரியுது" என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னார். பெரியப்பா இன்னும் பேசினார். காலுக்கு வரக்கூடிய ஆபத்தைச் சொல்வதற்கு முன்னால்கூட டாக்டரம்மா "நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்று அனுமதி கேட்டார், சொன்ன பிறகு "இதைக் கேட்டா உங்களுக்கு என்ன தோணுது?" என்று விட்டுவிட்டார்.

விட முடியும் என்று எவ்வளவு நம்பிக்கை என்ற கேள்விக்கு 2 என்றார் பெரியப்பா. "அது 3 ஆகணும்னா என்ன வேணும்?" என்றதும் வந்த பதில் என்னையே அசத்திவிட்டது: "தடைக்காலத்துல கடலுக்குப் போறதில்ல, ராத்திரி முழிக்கிற வேலையும் இல்ல. அப்ப பாக்கலாம்." விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத மீன்பிடித் தடைக்காலம் அது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். எந்த மருத்துவப் புத்தகத்திலும் இந்த யோசனை கிடைக்காது.

ஓ.பி.யில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம், நியாயம்தான். நேரடியாகச் சொல்கிற அறிவுரையும் வீண் இல்லை. லண்டனில் 1979-ல் வெளியான ஓர் ஆய்வில், டாக்டர் ஓரிரு நிமிஷம் புத்தி சொல்லி, துண்டறிக்கை கொடுத்து, பிறகு விசாரிப்போம் என்றும் சொல்லி அனுப்பியவர்களில் 5.1 சதவீதம் பேர் ஒரு வருஷம் சிகரெட்டைத் தொடவில்லை. எதுவும் சொல்லப்படாதவர்களில் 0.3 சதவீதம்தான். என் கவலை மீதி 95 பேரைப் பற்றியது. அவர்களிடம் அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாகச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, இரண்டு கேள்வி கேட்பதற்கும் அதே நேரம்தான் ஆகும். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து இதைக் கேட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். பேச்சால் மட்டும் எல்லாம் ஆகிவிடாது, நிகோடின் பிடி பலமானது, நிகோடின் சூயிங்கமோ மருந்தோ கூடவே தேவைப்படலாம்.

அன்றைக்குச் சீட்டில் டாக்டரம்மா மாத்திரைகளுக்குக் கீழே "பேத்தி, வலை, தடைக்காலம்" என்று எழுதி வைத்தார். அடுத்த முறை போனபோது சர்க்கரை எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னாலேயே, "பேத்தி என்ன சொல்றா ஐயா?" என்றார். பெரியப்பா இன்னும் முழுசாக விடவில்லை. இப்போது அரைக் கட்டு.