ஸ்கெப்டிக்: இல்லை என்பவரா, பார்க்கலாம் என்பவரா?

மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "என் தாத்தா தீவிர நாத்திகர், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போவார்." ஏதோ வரி விடுபட்டிருக்கிறது என்று நினைத்து மூலத்தைப் புரட்டினேன். வரி எதுவும் விடுபடவில்லை. அங்கே இருந்த சொல் 'ஸ்கெப்டிக்'. தாத்தா கடவுள் இல்லை என்று சொன்னவர் அல்லர். யார் எதைச் சொன்னாலும் உடனே தலையாட்டாதவர், அவ்வளவுதான். ஒரே சொல்லில் அவரைக் கட்சி மாற்றிவிட்டார் மொழிபெயர்ப்பாளர்.

நாத்திகம் என்பது வடமொழியின் 'ந அஸ்தி', அதாவது 'இல்லை' என்பதிலிருந்து வந்தது. தீர்ப்பு எழுதி முடித்துவிட்ட சொல் அது. ஸ்கெப்டிக் இன்னும் விசாரணையில் இருக்கிற சொல். கிரேக்கத்தில் 'ஸ்கெப்டெஸ்தாய்' என்றால் உற்றுப் பார்த்தல், ஆராய்தல். 'ஸ்கெப்சிஸ்' என்றால் ஆராய்ச்சி. டெலஸ்கோப், மைக்ரோஸ்கோப் ஆகியவற்றின் வாலில் தொங்கும் 'ஸ்கோப்' இதற்கு நெருங்கிய உறவு. இன்னொரு உறவினரைச் சொன்னால் பலர் நம்பமாட்டார்கள்: பிஷப். 'எபிஸ்கோபோஸ்', மேற்பார்வை செய்பவர் என்ற கிரேக்கச் சொல்தான் தேய்ந்து பிஷப் ஆயிற்று. தமிழ் விவிலியம் தீமோத்தேயு நிருபத்தில் அதைக் 'கண்காணி' என்று பெயர்த்திருக்கிறது. வேர்ப்பொருள் வழுவாத பெயர்ப்பு. ஆயராகிய பிஷப்பும் ஐயுறுபவரும் ஒரே வேரில் கிளைத்தவர்கள். பார்ப்பதுதான் இருவருக்கும் வேலை.

இச்சொல்லைத் தத்துவப் பள்ளி ஒன்றின் பெயராக்கியவர்கள், எலிஸ் நகரத்துப் பிர்ரோவைத் தம் முன்னோடியாகக் கொண்டவர்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிறந்த பிர்ரோ, அலெக்சாந்தரின் படையோடு இந்தியா வரை வந்து இங்கிருந்த துறவிகளைச் சந்தித்ததாகப் பழைய வரலாறு சொல்கிறது. அவர் எதையும் எழுதிவைக்கவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து அந்த மரபை விரிவாக எழுதியவர் செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் என்ற மருத்துவர். உண்மையைத் தேடிப் போனவர்களை அவர் மூன்றாகப் பிரிக்கிறார்: கண்டுவிட்டோம் என்பவர்கள், காணவே முடியாது என்பவர்கள், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள். மூன்றாமவரே ஸ்கெப்டிக். 'காணவே முடியாது' என்பதும் அவர் கண்ணில் அவசர முடிவுதான். (1869இல் ஆங்கில அறிவியலாளர் ஹக்ஸ்லி உருவாக்கிய 'அக்னாஸ்டிக்' வேறு சொல், அதற்கு அறியொணாவாதி என்ற பெயர்ப்பு பொருந்துகிறது. இரண்டையும் குழப்ப வேண்டாம்.)

முடிவே சொல்லாமல் தேடிக்கொண்டிருந்தால் வாழ்க்கைக்கு என்ன பொருள், மனம் எங்கே இளைப்பாறும் என்று கேட்பவர்களுக்குச் செக்ஸ்டஸ் ஒரு கதை வைத்திருக்கிறார். ஓவியர் அப்பெல்லிஸ் குதிரையின் வாய் நுரையை வரைய முயன்றார், வரவில்லை. சலித்துப்போய், தூரிகையைத் துடைக்கும் கடற்பஞ்சைப் படத்தின்மேல் விட்டெறிந்தார். பஞ்சு பட்ட இடம் அப்படியே நுரையாக அமைந்துவிட்டது. தீர்ப்பை நிறுத்திவைத்தவனுக்கு அமைதியும் இப்படித்தான் தானாக வந்து சேர்ந்தது என்கிறார். அதைவிட எனக்குப் பிடித்தது அவர் சொல்லும் இன்னொரு செய்தி: ஸ்கெப்டிக் தன் நாட்டு வழக்கங்களை விடுவதில்லை, வழிபாடு உட்பட. ஞாயிறு தவறாத அந்தத் தாத்தா பிசகாத மரபுக்காரர்!

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சந்தேகவாதி' என்றதும் பக்கத்து வீட்டுக் கதவை ஒட்டுக்கேட்பவர் நினைவுக்கு வருகிறார். ஐயம் நல்ல சொல், பழைய சொல்லும்கூட. 'கொல்லே ஐயம்' என்று அதற்கெனக் 'கொல்' என்ற ஓர் இடைச்சொல்லையே ஒதுக்கியிருக்கிறது தொல்காப்பியம். தொலைவில் வருவது ஆணா பெண்ணா என்று தெரியாதபோது பன்மையில் சொல் என்றும் விதிக்கிறது. உரையாசிரியர் தரும் எடுத்துக்காட்டு: 'ஆண்மகன் கொல்லோ பெண்டாட்டி கொல்லோ இஃதோ தோன்றுவார்'. தெரியாததைத் தெரிந்ததுபோலப் பேசாதே என்பதை இலக்கண விதியாகவே ஆக்கியிருக்கிறார்கள்.

அகப்பொருளில் ஐயம் இன்னும் அழகு. தனியே நிற்கும் பெண்ணைத் தலைவன் காண்கிறான். 'அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ' என்று குறள் பாடும் தடுமாற்றம் அது. தெய்வமா, மானிடப் பெண்ணா? விழுந்து வணங்கிவிடவுமில்லை, பிரமை என்று திரும்பிப் போகவுமில்லை, பார்க்கிறான். சூடிய பூவில் வண்டு மொய்க்கிறதா, கண் இமைக்கிறதா, முகத்தில் அச்சம் தெரிகிறதா? வண்டு, இழை (அணிகலன்), பூ, இமைப்பு, அச்சம் என்று பட்டியலிட்டு, இவை ஐயத்தை 'களையும் கருவி' என்கிறது தொல்காப்பியக் களவியல். பிற்கால இலக்கணம் இதைக் காட்சி, ஐயம், துணிவு என்று படிவரிசையாக்கியது. ஸ்கெப்சிஸ் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிரேக்கத்தில் இருக்குமா என்பது எனக்கு ஐயம்தான்.

எதிர்ப்பக்கச் சொல்லையும் பார்த்துவிடலாம். 'நம்பும் மேவும் நசையாகும்மே' என்பது தொல்காப்பிய உரியியல் நூற்பா. பழந்தமிழில் நம்பு என்றால் விருப்பம். உண்மையென ஏற்றல் பிறகு சேர்ந்த பொருள். நம்பிக்கையின் அடியில் ஓர் ஆசை படுத்திருக்கிறது என்று ஐயுறுபவர் கிண்டலாகவும், அன்பு படுத்திருக்கிறது என்று அடியார் பெருமையாகவும் இந்நூற்பாவைக் காட்டலாம். இருவருக்கும் உதவும்.

அரசன் ஆட்களைத் தெரிந்தெடுப்பது பற்றிய குறள் ஒன்று, 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்' தீராத துன்பம் தரும் என்கிறது. ஆராயாமல் நம்புவதும் கேடு, நம்பியபின் ஐயுறுவதும் கேடு. இதில் வரும் 'ஐயுறவு' எனக்கு வேண்டிய சொல். தத்துவப் பள்ளிக்கு 'ஐயவாதம்' இருக்கட்டும்; அது நிலைத்துவிட்டது. ஆளைக் குறிக்க 'ஐயுறவாளர்' என்பேன். 'வாதி' என்றால் வழக்காட வந்தவர்போல் இருக்கிறது, இவர் வழக்காடுவதில்லை. ஐயம் என்பதற்குப் பிச்சை என்ற பொருளும் உண்டே, 'ஐயமிட்டு உண்' என்று படித்தோமே என்று கேட்பவர்களுக்கு: இடம் பார்த்துப் பொருள் கொள்வது தமிழனுக்குப் புதிதன்று.

மெய்ப்பில் நாத்திகரை அடித்து, 'தீவிர' என்பதையும் நீக்கி, ஓரத்தில் எழுதினேன்: "என் தாத்தா ஐயுறவாளர், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போவார்." மொழிபெயர்ப்பாளர் பக்கத்திலேயே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.