புள்ளிக்குப் பின்னால் வரும் பெயர் யாருக்கு?

டாட் காம், டாட் ஆர்க் போலப் புள்ளிக்குப் பின்னால் வரும் பெயர்களைப் பங்கிடுவது ஐகான் அமைப்பு. புதிய பெயர்களுக்காக 2012-ல் அது நடத்திய சுற்றில் வந்த 1,930 விண்ணப்பங்களில் வட அமெரிக்காவிலிருந்து 911. ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் 17. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் வாசலிலேயே 1,85,000 டாலர் கட்ட வேண்டியிருந்தது. பெயர் கிடைத்த பிறகும் ஆண்டுக்கு 25,000 டாலர். நடத்துபவர் நொடித்துப்போனாலும் தளங்கள் முடங்காதிருக்க, மூன்று ஆண்டு அடிப்படைச் செலவுக்கு உத்தரவாதம் வேறு.

வசதி குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகையும் இருந்தது: 47,000 டாலர் போதும். கேட்டவர்கள் மூன்றே பேர், கிடைத்தது ஒருவருக்கு. சலுகை நிதிக்கு ஐகான் வாரியம் ஒப்புதல் தந்தது 2011 டிசம்பரில். விண்ணப்பம் தொடங்கியதோ 2012 ஜனவரி 12. அந்த ஒரு மாதத்தில் எந்தச் சிறிய அமைப்பு கூடிப் பேசி, பணம் திரட்டி, ஆவணம் தயாரிக்கும்? போதாததற்கு, சலுகைக்குத் தகுதியில்லை என்றால் விண்ணப்பமே போய்விடும் என்பது விதி.

தேறிய அந்த ஒன்று, டாட் கிட்ஸ் கேட்ட ஹாங்காங் அறக்கட்டளை. அமேசானும் அதே பெயரைக் கேட்டது. கூகுள் டாட் கிட் கேட்டது; பெயர்கள் குழப்பம் தரும் என்பதால் அதுவும் போட்டியானது. ஒரு சமூகத்துக்காகக் கேட்பவருக்கு முன்னுரிமை தரும் சமூக மதிப்பீட்டில் 16க்கு 14 புள்ளி எடுத்திருந்தால் போட்டியே இல்லை, எடுக்க முடியவில்லை. மிச்சமிருந்தது சமரசம், இல்லையேல் ஏலம். கட்டணச் சலுகை ஏலத்துக்குச் செல்லாது. டாட் கிட்ஸ் இணையத்தில் ஏறியது 2022-ல்தான்.

ஏலத்தில்தான் பெரிய ஓட்டை. போட்டியாளர்கள் தங்களுக்குள் நடத்திய தனியார் ஏலங்களில் வென்றவர் கட்டிய பணத்தைத் தோற்றவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். பத்துப் பெயர் கேட்டவர் ஒன்றில் தோற்று வந்த காசை அடுத்ததில் போடலாம். ஒரே பெயர் கேட்டவருக்கு அந்த வழி இல்லை. எங்கள் பார்வையில் 2012-ன் மிகப் பெரிய அநீதி இதுவே.

2026 சுற்றில் தனியார் ஏலத்துக்குத் தடை வந்துவிட்டது. கட்டணம் 2,27,000 டாலர். சலுகைக்குத் தேறியவர்களுக்கு 75 முதல் 85 விழுக்காடு தள்ளுபடி. விண்ணப்பக் காலம் ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை. விண்ணப்பிக்கும்போதே மாற்றுப் பெயர் ஒன்றையும் குறிப்பிடலாம். சிறிய அமைப்புகள் அந்தக் கட்டத்தைக் காலியாக விடவே கூடாது. முதல் பெயருக்குப் போட்டி வந்தால் ஏலத்துக்குப் போகாமல் மாற்றுப் பெயருக்கு நகர அது ஒன்றுதான் கையில் இருக்கும்.