இரண்டு மலையும் நடுவில் ஒரு சூரியனும்

பட்டுக்கோட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதல் நாள் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, பிடித்ததை வரையச் சொல்வேன். பாதிக்கு மேல் ஒரே படம்தான் திரும்பி வரும். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து இறங்கும் ஆறு, ஓரமாக ஒரு குடிசை, பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு தென்னைமரம், வானத்தில் டிக் அடித்தது போல நாலு காக்கா. எங்கள் ஊரில் கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் தென்னந்தோப்பும்தான். மலையை நேரில் பார்த்த பிள்ளைகள் குறைவு. யாரோ கரும்பலகையில் போட்டதைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். போட்டவருக்கும் அப்படித்தான் யாராவது போட்டுக் காட்டியிருப்பார்கள்.

அடுத்த வகுப்பில் அவர்களைப் புங்கமரத்தடிக்குக் கூட்டிப் போவேன். ஆளுக்கொரு கொத்து இலை. ஐந்து நிமிடம் பென்சிலைத் தொடக்கூடாது, பார்க்க மட்டும்தான் வேண்டும். முதல் நிமிடம் சிரிப்பும் பேச்சுமாக இருக்கும். அப்புறம் மெல்ல அடங்கும். "சார், ரெண்டு ரெண்டா எதிரெதிரே வந்துட்டு நுனியில ஒண்ணு மட்டும் தனியா நிக்குது" என்று யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். தினமும் அந்த மரத்தடியில் விளையாடுகிறவர்கள் அதை அன்றைக்குத்தான் பார்க்கிறார்கள். வாசிக்கத் திணறுகிற பையன் ஒருவன், பூச்சி அரித்த ஓட்டையின் விளிம்பு பழுப்பாகியிருந்ததைக்கூட விடாமல் வரைந்திருந்தான். அவன் தாளைச் சுவரில் ஒட்டினேன். வகுப்பில் அவனைப் பற்றி நல்லதாக ஒரு பேச்சு எழுந்தது அன்றைக்குத்தான்.

ஓவிய வகுப்பில் பிள்ளை முதலில் கற்பது பார்ப்பதை. அழகாக வரைவது அதற்குப் பின்னால் வருகிறது, சிலருக்கு வராமலும் போகிறது. கூர்ந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் அறிவியல் நோட்டில் பூவின் குறுக்குவெட்டும், கணக்கில் செய்முறை வடிவியலும் அந்தப் பிள்ளைக்கு மிரட்சியாக இருப்பதில்லை.

"எனக்கு வரைய வராது சார்" என்கிற பேச்சு ஒன்பது, பத்து வயதில் தொடங்குகிறது. குழந்தைகளின் ஓவியம் வயதோடு எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்டும் ஏறக்குறைய இந்த வயதைத்தான் ஒரு திருப்பமாகச் சொன்னார். அதுவரை அம்மாவைப் பெரிதாகவும் வீட்டைச் சின்னதாகவும் தயங்காமல் போட்ட பிள்ளை, இப்போது கண்ணால் காண்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தன் படத்தைத் தானே அடித்துவிடுகிறது. கைகொடுக்க ஆள் வேண்டிய நேரம் இதுதான். ஆனால் இந்த வயதில்தான் ஓவிய வகுப்பு கணக்குக்கும் அறிவியலுக்கும் கடனாகப் போகிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு என் பாடவேளை ஒன்றுகூட எனக்குக் கிடைத்ததில்லை.

வரைய வராது என்று சொல்லும் பெண்பிள்ளைகளிடம் சிக்குக்கோலம் போடச் சொல்லிப் பாருங்கள். பதினைந்து புள்ளி வைத்து, கோடு எங்கும் அறுந்துவிடாமல் சுற்றிக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிப்ட் சிரோமனியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970-களில் இந்தக் கோலங்களைக் கணினி அறிவியலுக்கான இலக்கணமாகவே, அதாவது படத்தை உருவாக்கும் விதிகளாகவே, ஆராய்ந்தார்கள். நம் வாசலில் கிடப்பதற்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

சட்டத்தில் குறையில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் நடுநிலை வகுப்புகளுக்குக் கலைக் கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. 2012-இல் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,000-க்கும் மேற்பட்டவர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. 2022-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கெனப் போட்டிகளோடு தொடங்கிய கலைத் திருவிழா நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அதில் மேடையேறுவது நாற்பது பேர் வகுப்பில் ஏற்கெனவே நன்றாக வரைகிற ஒருவரோ இருவரோ. என் கவலை மீதி முப்பத்தெட்டுப் பேரைப் பற்றி.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. பள்ளி திறந்ததும் பிள்ளைகளுக்குப் பாடம் எதுவும் நடத்தத் தோன்றவில்லை. தாளை மட்டும் கொடுத்தேன். அன்றைக்கு ஒரு தாளிலும் மலை இல்லை. தென்னைமரங்கள் படுத்துக் கிடந்தன. யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண், வேரோடு சாய்ந்த மரங்களை வரிசை வரிசையாகப் போட்டிருந்தாள். எண்ணினேன், நாற்பத்தொன்று. "எங்க அப்பா தோப்புல விழுந்தது சார்" என்றாள். அதற்குப் பிறகு அவள் அன்று வெகுநேரம் பேசினாள்.

பெற்றோர் என்னிடம் கேட்பது, "என்ன கலர் பாக்ஸ் வாங்கித் தரணும்?" விலை கூடியது எதுவும் வேண்டாம். ஒரு பக்கம் எழுதிய தாள், பென்சில், சின்ன க்ரேயான் பெட்டி போதும். பிள்ளை படத்தைக் கொண்டுவந்து காட்டினால் கோட்டைத் திருத்தாதீர்கள். "இது யானையா, பன்றியா?" என்று கேட்காதீர்கள். "இதில் என்ன நடக்குது, சொல்லு" என்று கேளுங்கள். அப்புறம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: இந்த மாதம் ஓவிய வகுப்பு எத்தனை நாள் நடந்தது?