எனாமல் இறுக, புரதம் வெளியேற வேண்டும்

பல்லின் மேலுறையான எனாமலைவிடக் கடினமான பொருள் நம் உடம்பில் கிடையாது. எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். புரதம் 1 சதவீதம்கூடத் தேறாது. ஆனால் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பன்றியின் கடைவாய்ப் பல்லை எடுத்துப் பார்த்தால், இளம் எனாமலைச் சின்னக் கத்தியால் சுரண்டியே எடுத்துவிடலாம். அத்தனை புரதம்.

அமெலோபிளாஸ்ட் செல்கள் வரிசையாக நின்று இந்தப் புரதங்களைச் சுரக்கின்றன. பெரும்பங்கு அமெலோஜெனின். அதன் நடுவே மெல்லிய கனிம நாடாக்கள் நீளவாக்கில் வளர்கின்றன. பருமன் இப்போதைக்கு இல்லை. இடம் முழுக்கப் புரதம் அடைத்துக்கொண்டிருக்கிறதே! கட்டடத்தில் கான்கிரீட் இறுகிய பிறகுதான் சென்ட்ரிங் பலகையைப் பிரிப்பார்கள். இங்கே தலைகீழ்: பலகையைப் பிரித்தால்தான் இறுகவே செய்யும்.

பிரிக்கும் வேலைக்கு இரண்டு நொதிகள். முதலில் வருவது எம்.எம்.பி-20. துத்தநாக அயனியை வைத்து வெட்டும் ரகம். அமெலோஜெனின் சுரந்த கையோடு, நீரோடு ஒட்டும் அதன் வால்நுனியை நறுக்கிவிடும். மற்ற இடங்களிலும் மெதுவாகக் கைவைக்கும். எனாமல் முழுத் தடிமனை எட்டியபின் கே.எல்.கே-4 வருகிறது. மிச்சமிருப்பதை இது பொடிப்பொடியாக்க, சுரந்த செல்களே அந்தத் துணுக்குகளை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. காலியான இடத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, படிகங்கள் பருத்து நெருக்கிக்கொள்கின்றன.

ஒன்று இருந்தால் போதாதா? எலிகளில் சோதித்திருக்கிறார்கள். எம்.எம்.பி-20 இல்லாத எலிக்கு எனாமல் மெலிந்து, உரிந்து விழுந்தது. கே.எல்.கே-4 இல்லாததற்குத் தடிமன் சரியாகவே வந்தது. ஆனால் உள்ளே புரதம் தங்கிவிட்டதால் கடித்ததும் உடைந்தது. இந்த மரபணுக்கள் பழுதான மனிதர்களுக்கும் பற்கள் பழுப்பேறி எளிதில் சிதைகின்றன. பல்லே தேவைப்படாத பலீன் திமிங்கிலங்களில் எம்.எம்.பி-20 மரபணு எப்போதோ செயலிழந்துவிட்டது!

மரபணு சரியாக இருந்தும் வேலை கெடலாம். தர்மபுரிப் பக்கம் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் தெரியும் வெள்ளை, பழுப்புத் திட்டுகள் அப்படிப்பட்டவைதான். ஃபுளோரைடு மிகும்போது அமெலோஜெனின் வெளியேறுவது தாமதமாகி, எனாமலில் நுண்துளைகள் தங்கிவிடுகின்றன. பழுப்பு நிறம் பல் முளைத்த பிறகு ஏறுவது. எனாமல் உருவாகும் சிறுவயதில்தான் இந்தப் பாதிப்பு நேரும். அதே ஊருக்கு நாற்பது வயதில் குடிபோனவருக்குப் பல்லில் திட்டு விழாது. ஆனால் பல ஆண்டுகள் அந்தத் தண்ணீரையே குடித்தால் எலும்பு பாதிக்கப்படலாம்.