ஒரு பைக்கு ஒரு வெள்ளி: பினாங்கின் நிபோங் திபால் வட்டாரத்தில் பிளாஸ்டிக் பை விதி எப்படி நடக்கிறது

"பிளாஸ்டிக் நாக்?", அதாவது பை வேண்டுமா, என்று கல்லாவில் கேட்கும்போது சும்மா தலையாட்டினால் ரசீதில் ஒரு வரி கூடிவிடும். வாரம் ஒருமுறை டவுனுக்கு வந்து சாமான் வாங்கும் குடும்பத்துக்கு நான்கு பை என்று வைத்துக்கொள்வோம். பை ஒன்று 20 சென்னாக இருந்த காலத்தில் அது வருடத்துக்கு 41 வெள்ளி 60 சென். ஒரு வெள்ளி என்றால் 208 வெள்ளி. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கி 26 நாள் வேலை செய்பவருக்கு ஒரு நாள் கூலி 65 வெள்ளிக்குச் சற்று மேல். மூன்று நாள் கூலிக்கு மேல் பைக்கே போகிறது. அதனால் இந்த விதி யாருக்கு, எந்தப் பைக்கு என்பதைச் சரியாகத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பை எடுத்துப் போகிறவரைப் பிடிக்கும் சட்டம் இல்லை இது. விதி கடைக்கு. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி ஊராட்சி மாநிலத்தின் பொறுப்பு. கடைக்கு லைசென்ஸ் தருவது ஊராட்சி மன்றம். நம் பக்கத்தில் செபராங் பிறை மாநகர் மன்றம். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, பிரிவு 107, லைசென்ஸ் தரும்போது நிபந்தனை போடவும் நிபந்தனை மீறினால் லைசென்ஸைத் திரும்பப் பெறவும் மன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. மாநில அரசு கொள்கையை அறிவிக்கும், மன்றம் அதை லைசென்ஸ் வழியாகக் கடைக்குக் கொண்டுபோகும். நாடாளுமன்றத்துக்குக் காத்திராமல் பினாங்கு நாட்டிலேயே முதலில் இறங்க முடிந்ததும் இப்படித்தான்.

இறங்கியது 2009 ஜூலையில். திங்கட்கிழமை மட்டும் இலவசப் பை இல்லை என்றார்கள். 2010இல் திங்கள், செவ்வாய், புதன். 2011 ஜனவரி 1 முதல் எல்லா நாளும் இலவசப் பை நின்றது. வேண்டுமென்றால் 20 சென். அந்தக் காசை வறுமையில் இருக்கும் குடும்பங்களுக்கான மாநில நிதிக்குக் கொடுக்கச் சொன்னார்கள். அடுத்த கட்டம் கடுமையானது. வாரத்தின் முதல் மூன்று நாள் காசு கொடுத்தாலும் பை கிடையாது, மற்ற நாளில் பைக்கு ஒரு வெள்ளி என்று 2021இல் விதியை உயர்த்தினார்கள். 20 சென் பலருக்கும் உறைக்கவில்லை. சில்லறை என்று விட்டுவிட்டார்கள். ஒரு வெள்ளியானதும்தான் வண்டி சீட்டுக்கு அடியில் பை மடித்து வைக்கும் பழக்கம் பரவியது. விலை உயர்த்தியது சரிதான் என்பது எங்கள் கருத்து. ஆனால் அந்த விலை தோட்டத்துக் குடும்பத்தை அழுத்தாமல் இருக்க வேண்டுமென்றால் எந்தப் பைக்குக் காசு, எதற்கு இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

காசு கைப்பிடி வைத்த, சாமான் போட்டுத் தூக்கிப்போகும் பைக்குத்தான். காய்கறி, மீன், கோழி எடுக்க ரோலில் கிழித்துக்கொள்ளும் மெல்லிய பை வேறு. அது உணவைச் சுத்தமாகப் பிரித்து வைப்பதற்கு. அதற்குக் காசு கிடையாது. பெரிய பேரங்காடி, சூப்பர்மார்க்கெட், மினி மார்க்கெட், மருந்துக் கடை, துரித உணவுக் கடை, நாசி கண்டார் உணவகம், இரவு முழுக்கத் திறந்திருக்கும் சங்கிலிக் கடை, பெட்ரோல் நிலையக் கடை இவற்றைத்தான் பினாங்கு விதி முதலில் குறிவைத்தது. ஈரச் சந்தையில் கீரை விற்கும் அம்மாவும் ரோட்டோரம் மீ கோரேங் கிண்டுகிறவரும் தொடக்கத்தில் கட்டாயப் பட்டியலில் இல்லை. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் இன்னும் பை தாராளமாகக் கைமாறுவதைப் பார்த்து, "அங்கே கொடுக்கிறார்கள், இங்கே ஏன் காசு" என்று கல்லாவில் நிற்கும் பிள்ளையிடம் சத்தம் போடுவதில் நியாயமில்லை. அந்தப் பிள்ளைக்கும் அந்த ஒரு வெள்ளிக்கும் சம்பந்தமில்லை.

கல்லாவில் தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு விதத்தில். பணம் வாங்குகிறவர் கேட்காமலேயே சாமானைப் பையில் போட ஆரம்பித்துவிடுவார். கணக்கு முடிந்த பிறகுதான் ரசீதில் மூன்று பை ஏறியிருப்பது தெரியும். உங்கள் பையை விரித்து முதலிலேயே மேசைமேல் வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது. இன்னொன்று, பையின் விலை எங்கேயும் எழுதியிருக்காது. விற்கும் பொருளுக்கெல்லாம் விலை காட்ட வேண்டும், பைக்கும்தான். விலை காட்டாத பையையோ கேட்காமல் ஏற்றிய பையையோ ரசீதிலிருந்து எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எடுக்கவில்லை என்றால் ரசீதைப் பத்திரப்படுத்தி, கல்லாப் பக்கத்தை ஒரு படம் எடுத்து, உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். கடை இன்னும் இலவசமாகவே பை கொடுக்கிறது என்பது வேறு புகார். அது லைசென்ஸ் விஷயம் என்பதால் மாநகர் மன்றத்துக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் எந்த அலுவலகமும் தன் வேலை என்று எடுத்துக்கொள்ளாது.

நம் ஊருக்கு மட்டும் ஒரு கூடுதல் குழப்பம் உண்டு. கிரியான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பாரிட் புந்தார். அது பேரா மாநிலம். பண்டார் பாரு பக்கம் திரும்பினால் கெடா. கால் மணி நேரத்தில் மூன்று மாநிலம் சுற்றிவிடலாம். மூன்று மாநிலத்துக்கும் தனித்தனி ஊராட்சி மன்றம், தனித்தனி லைசென்ஸ். பினாங்கில் பைக்குக் கொடுத்த விலையை பாரிட் புந்தார் கடையில் எதிர்பார்க்க முடியாது. அங்கே சும்மா கிடைத்தது என்று இங்கே வாதாடவும் முடியாது. கெடாப் பக்கம் இன்னொரு வித்தியாசம். திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2007, அதாவது சட்டம் 672, கெடாவில் 2011 செப்டம்பர் முதல் அமலில் இருக்கிறது. பினாங்கும் பேராவும் அதில் சேரவில்லை. அதனால் பண்டார் பாருவில் இருக்கும் உங்கள் அக்கா வீட்டில் மறுசுழற்சிப் பொருளை மிச்சக் குப்பையிலிருந்து பிரித்து வைப்பது கட்டாயம். பிரிக்காவிட்டால் தரைவீட்டுக்கு முதல் தடவை 50 வெள்ளி, இரண்டாவது 100, மூன்றாவது 500. நம் பக்கத்தில் 2016 ஜூனில் தொடங்கிய பினாங்கின் சொந்தக் குப்பை பிரிப்புக் கொள்கைதான் செல்லும்.

மத்திய அரசு என்ன செய்கிறது என்று கேட்பவர்களுக்கு: ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்கை 2018 தொடங்கி 2030க்குள் மூன்று கட்டமாக ஒழிக்கும் செயல்திட்டம் ஒன்றை 2018இல் வெளியிட்டார்கள். சிலாங்கூர் 2017 ஜனவரியில் 20 சென் விதியைக் கொண்டுவந்தது. நாடு முழுக்க ஒரே விலை, ஒரே விதி என்று இன்னும் ஆகவில்லை. காரணம் மேலே சொன்ன லைசென்ஸ் அதிகாரம்தான்.

சரி, பைக்குப் பதில் என்ன எடுத்துப்போவது? ஐந்து வெள்ளிக்குள் கிடைக்கும், துணி மாதிரித் தெரியும் பையும் பிளாஸ்டிக்தான், அரிசிச் சாக்கு செய்யும் அதே வகை. பல தடவை பயன்படுத்தினால்தான் அதனால் நன்மை; வீட்டில் இருபது பை சேர்த்து வைத்தால் பழைய கதைதான். வாங்கும்போது கைப்பிடி உடம்போடு சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். சூட்டில் ஒட்டியது ஐந்து கிலோ அரிசியோடு இரண்டு மூன்று டின் போட்டதுமே விடும். பெருக்கல் குறி போல் குறுக்குத் தையல் போட்டது தாங்கும். காலியான 10 கிலோ அரிசிப் பையின் வாயை மடித்துத் தைத்து, பழைய பெல்ட்டுத் துணியில் கைப்பிடி வைத்தால் அதைவிட நன்றாகத் தாங்கும். தோட்டத்தில் சும்மா கிடைக்கிறதே என்று உரச் சாக்கை மட்டும் எடுக்காதீர்கள். கழுவினாலும் நெய்த இழைகளுக்கு நடுவே உர உப்பு தங்கும். அதில் உணவு போடக் கூடாது.

அடுக்கும் முறையும் முக்கியம். 2 வெள்ளி 50 சென் மானிய எண்ணெய்ப் பொட்டலம் மெல்லிய பை. சார்டின் டின் விளிம்பு அதன்மேல் உரசிக்கொண்டே மோட்டார் முன்கூடையில் தோட்டத்து மண் ரோட்டில் குலுங்கினால் வீடு வருவதற்குள் எண்ணெய் பாதிதான் இருக்கும். டின்கள் அடியில், அரிசி பக்கத்தில், எண்ணெய்ப் பொட்டலம் மேலே நிமிர்ந்து. மீனுக்கும் கோழிக்கும் மூடி இறுகும் டப்பா கொண்டுபோங்கள். ஆனால் நிறுப்பதற்கு முன் வெறும் டப்பாவைத் தராசில் வைத்து சைபருக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். 200 கிராம் டப்பாவோடு சேர்த்து நிறுத்தால், கிலோ 20 வெள்ளி மீனில் நான்கு வெள்ளி டப்பாவுக்கே போய்விடும். ஒரு வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய் நான்கைத் தொலைத்த கதை. பச்சைக் கோழி வைத்த பையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவைக்காமல் அடுத்த வாரம் காய்கறி போடக் கூடாது.

விதியை எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒன்று உண்மை: அந்தப் பைதான் வீட்டுக் குப்பைப் பை. கடைப் பை நின்றதும் குப்பைப் பை ரோல் வாங்க ஆரம்பித்தால் பிளாஸ்டிக் எங்கே குறைந்தது? குறைய வேண்டுமென்றால் சமையல் கழிவைத் தனியாக எடுக்க வேண்டும். பை தேவைப்படுவதே ஈரத்துக்காகத்தான். காய்கறித் தோல், சோறு, தேங்காய்த் துருவல் சக்கையை ஒரு மூடி வாளியில் சேர்த்து, கொல்லையில் வெட்டிய குழியில் கொட்டி, ஒவ்வொரு தடவையும் ஒரு கை மண்ணோ காய்ந்த இலையோ மேலே போட்டுவந்தால் நாற்றமும் ஈயும் வராது. மீன் முள்ளை ஆழமாகப் புதைக்காவிட்டால் நாய் தோண்டும். ஈரம் போன மிச்சக் குப்பைக்கு ரொட்டிப் பையும் பால் மாவுப் பையும் போதும்.

ஏன் இவ்வளவு சொல்கிறோம்? பினாங்கு மாநிலத்தின் வீட்டுக் குப்பை வந்து சேரும் இடம் நம் பைராம் பக்கத்திலுள்ள புலாவ் பூரோங் குப்பைக் கிடங்கு. தீவில் ஜார்ஜ்டவுனில் ஒருவர் ஒரு தடவை தூக்கிப்போட்ட பையும் பாத்து மாவுங் குப்பை மாற்று நிலையம் வழியாக இங்கேதான் வருகிறது. 2022 ஜனவரியில் அந்தக் கிடங்கு தீப்பிடித்து வாரக்கணக்கில் புகைந்ததைச் சுற்றியிருக்கும் மக்கள் மறக்கமாட்டார்கள். மேலே தண்ணீர் அடித்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அடுக்கடுக்காகக் கிடக்கும் பிளாஸ்டிக் அந்தத் தீக்கு எண்ணெய் மாதிரி. இந்தப் பை விதியில் பினாங்கிலேயே அதிக அக்கறை வேண்டியவர்கள் நிபோங் திபால்காரர்கள்தான்.

"மக்கிப்போகும்" என்று எழுதிய பை வாங்கினால் பரவாயில்லையா என்று பலரும் கேட்கிறார்கள். அப்படி எழுதியதில் இரண்டு வகை உண்டு. சாதாரண பிளாஸ்டிக்கில் ஒரு மருந்து கலந்து, வெயிலில் உதிர்ந்து தூளாகும்படி செய்தது ஒன்று. அது மக்குவதில்லை, கண்ணுக்குத் தெரியாத துண்டாகி மண்ணிலும் ஆற்றிலும் சேர்கிறது. மாவுச்சத்து போன்றவற்றில் செய்து, தரச் சான்று தரும் சிரிம் நிறுவனத்தின் ஈகோ 001 அளவுகோலில் தேறியது இன்னொன்று. அதற்கும் சூடு, ஈரம், காற்று வேண்டும். குப்பைக் கிடங்கின் அடியில் காற்றில்லாமல் நசுங்கிக் கிடந்தால் அதுவும் எளிதில் மக்காது.

மறுசுழற்சி நிலையத்துக்குக் கொண்டுபோவதானால் பை சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும். கறிக் குழம்பு ஒட்டிய டபாவ் (கட்டி வாங்கிய சாப்பாட்டு) பையை யாரும் எடுக்கமாட்டார்கள். மற்ற பிளாஸ்டிக்கோடு கலந்தும் போடாதீர்கள், மெல்லிய பை பிரிக்கும் இயந்திரத்தின் உருளையில் சுற்றிக்கொண்டு மொத்தத்தையும் நிறுத்திவிடும்.

லயத்து வீடுகளில் இன்னும் மூன்று வழக்கம் இருக்கிறது, மூன்றிலும் சட்டம் குறுக்கிடும். கொல்லையில் குப்பை எரிப்பதை 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. வேலியில் மாட்டிய பையில் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசுப் புழு கண்டுபிடிக்கப்பட்டால் 1975ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி 500 வெள்ளி கொம்பவுண்ட் அபராதம் போடலாம். பை எந்தக் கடையில் வாங்கியது என்று யாரும் கேட்கமாட்டார்கள், வீட்டுக்காரர்தான் கட்ட வேண்டும். வண்டியில் போகும்போதே பையைக் கால்வாயில் வீசுவது மூன்றாவது. 2026 ஜனவரி முதல் குப்பை வீசியதற்கு நீதிமன்றம் 2,000 வெள்ளி வரை அபராதம் விதிப்பதோடு 12 மணி நேரம் வரை சமூகச் சேவையும் செய்யச் சொல்லலாம். அதாவது கால்வாய், ரோட்டோரம் போன்ற இடங்களை எல்லாரும் பார்க்கத் துப்புரவு செய்வது. அந்த உத்தரவையும் செய்யாமல் விட்டால் இன்னும் பெரிய அபராதம் தனியாக வரும்.